நானூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டர்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தச் சாலை வளைவு செத்துப்போகும்.

ரொசால்பா ஒருத்திதான் அப்படி நினைத்தாள். மற்றவர்களுக்கு அது திருவிழா. சான் தெல்மோ நகரம் வீங்கி வீங்கி நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் வீடுகளைக் கொட்டியிருந்தது. பள்ளிக்கூடம் ஒரு பக்கம், ரொட்டிக் கடை மறுபக்கம். நடுவில், வடகோடி அரிக்காவிலிருந்து தலைநகர் சந்தியாகோவுக்குப் பறக்கிற லாரிகள். அதனால் ஊருக்குக் கிழக்கே மலைச் சரிவில் புதுச் சாலை போட்டாயிற்று. திங்கட்கிழமை முதல் லாரிகள் மேலே. கீழே, பிள்ளைகளும் நாய்களும்.

சனிக்கிழமை மதியம் ரொசால்பாவின் பஞ்சர் கடைக்கு எதிரே ஒரு வேன் வந்து நின்றது. சாலை அளக்கிற ஓஸ்வால்தோ இறங்கினான். கையில் ஸ்பேனர். நேராகப் போய், வளைவில் நின்ற '412' என்ற கிலோமீட்டர் பலகையின் போல்ட்டைத் திருக ஆரம்பித்தான்.

"ஏய் இன்ஜினியர் தம்பி! அது உன்னை என்ன பண்ணுச்சு?"

"இந்த நம்பர் இனிமே மேலே போற ரோட்டுக்கும்மா. கீழே நெடுஞ்சாலையே இல்லையே, நம்பர் எதுக்கு?"

"அப்படியே என் தம்பியையும் கழட்டி எடுத்துட்டுப் போயேன்."

ஓஸ்வால்தோவின் கை நின்றது. பலகைக்குப் பத்தடி தள்ளி அந்தக் குடில் இருந்தது. செத்தவனின் ஆவிக்கென்று வைத்த, முழங்கால் உயரத் தகர வீடு. உள்ளே மெழுகுவத்தி, காகிதப் பூ. கூரைமேல் ஒரு லாரியின் காற்று ஹாரன். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அவள் தம்பி நிக்கனோரின் லாரி பிரேக் பிடிக்காமல் இங்கேதான் உருண்டது. உடம்பைக் கல்லறையில் புதைத்தார்கள். ஆனால் ஆவி ரத்தம் விழுந்த இடத்தை விட்டு நகராது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் கடந்துபோகிற ஒவ்வொரு லாரியும் ஹாரன் அடிக்கும். ஒரு நீளம், ஒரு குட்டை. 'இருக்கியாடா?' என்று கேட்கிற மாதிரி.

ரொசால்பா அந்த வளைவுக்குக் குடிவந்ததே அதைக் கேட்கத்தான். கேள்வி நின்றுவிட்டால், மறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஆவி சாலையில் இறங்கி லிஃப்ட் கேட்க ஆரம்பித்துவிடும். அப்புறம் அதற்கு ஊரும் கிடையாது, வீடும் கிடையாது.

"கம்பெனியில சொல்லியிருக்கேம்மா. மேலே புது ரோட்டோரம் சிமென்ட்ல அழகா ஒரு வீடு கட்டித் தருவாங்க. ஓடு போட்டு."

"ஆவி என்ன சோபாவாடா, ரெண்டு பேர் பிடிச்சு மாடியில போட?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். பலகையை வேனில் ஏற்றும்போது தகரக் குடிலைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டு போனான்.

அன்று முழுக்க வந்த லாரிக்காரர்களிடம், இனியும் ஹாரன் அடியுங்கள் என்று ரொசால்பா கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது ஹாரனா? பிச்சை!

ஞாயிறு விடியற்காலை கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. வாரத்தில் நாலு நாள் வருகிற பனிதான். அன்று கொஞ்சம் அதிகமாகவே அவசரப்பட்டது. கள்ளிச்செடிகளை விழுங்கி, கடையை விழுங்கி, சாலையை விழுங்கியது. ரொசால்பா தள்ளுவண்டியில் தகரக் குடிலைத் தூக்கி வைத்தாள். ஹாரனையும்.

சிமென்ட் வீடு வேண்டாம். நானே கூட்டிப்போகிறேன்.

"வாடா நிக்கனோர், மேலே போலாம்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஒற்றையடிப் பாதையில் தள்ளினாள்.

முக்கால் மணி நேரம். கால் திடீரென்று வழவழப்பான எதன் மேலோ பட்டது. புதுச் சாலை! தார் வாசனை. இன்னும் ஒரு டயர்கூடப் படாத கறுப்பு. நடுவில் வெள்ளைக்கோடு, பனிக்குள்ளிருந்து புறப்பட்டு பனிக்குள் போனது. தூக்கத்தில் நடக்கிற மாதிரி அதன்மேல் நடந்தாள். காற்று இல்லை. சத்தம் இல்லை. சாலை மிதக்கிறதா, அவள் மிதக்கிறாளா?

எதிரே ஒரு லாரி வந்தது.

சத்தமே இல்லாமல். விளக்கு இல்லாமல். நீல முகப்பு. நிக்கனோரின் லாரிக்கு அவளே அடித்துக் கொடுத்த நீலம். அவளைக் கடந்து, அல்லது அவளுக்குள்ளேயே கடந்து, சரிவில் கீழ்நோக்கி இறங்கியது. பழைய வளைவை நோக்கி. வீட்டுக்குப் போகிறவன் போல, நிதானமாக.

அவள் திரும்பி வண்டியைப் பார்த்தாள். வெறும் தகரம்.

"நீ வரவே இல்லையாடா?" என்றாள்.

வந்த வழியே தள்ளிக்கொண்டு இறங்கினாள். குடிலை அதே பள்ளத்தில் பதித்தாள். ஹாரனை மட்டும், ஏனோ, கடைக்குள் எடுத்துப்போய் ஒரு துணியால் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை. ஏழு மணி. அதே பனி.

நகரத்துப் பக்கம் பட்டாசு வெடித்தது. பிறகு அமைதி. பத்தொன்பது வருடத்தில் அந்த வளைவு அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதுகூட அதட்டுவது போலிருந்தது. ஏழேகால். ஏழரை. ரொட்டியைப் பிய்த்தாள்.

ஏழு முப்பத்தைந்து.

மேலே, மலைக்குள்ளிருந்து, பஞ்சில் சுற்றிக் கொடுத்த மாதிரி...

ஒரு நீளம். ஒரு குட்டை.

ரொட்டி கையிலிருந்து விழுந்தது. பிரமையா? அடுத்த நிமிடம் இன்னொன்று. அதுவும் அப்படியே! மூன்றாவது. நான்காவது. பனி முழுக்க ஹாரன்.

ரொசால்பா எழுந்தாள். காற்றடிக்கிற கம்ப்ரஸரை ஓடவிட்டாள். அழுத்தம் காட்டும் முள் ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குழாயை நிக்கனோரின் ஹாரனில் செருகி, வால்வைத் திறந்தாள்.

ஒரு நீளம்! ஒரு குட்டை!

மலை ஒரு கணம் மூச்சைப் பிடித்தது. மேலே எங்கோ பெரிய பிரேக் ஒன்று கிறீச்சிட்டது.

ஐந்து நிமிடத்தில் அவள் செல்போன் அலறியது. நிக்கனோர் காலத்திலிருந்தே லாரி ஓட்டுகிற, பதினெட்டு வருடமாக அவளிடம் டயர் மாற்றுகிற குண்டன் மத்துரானா.

"அக்கா! அக்கா, நீ எங்க இருக்க?"

"கடையில. எங்க இருப்பேன்? நீ எதுக்குடா மேலே ஹாரன் அடிச்ச? என் தம்பி கீழேல்ல இருக்கான்."

"நான் எங்க அடிச்சேன்? நானூத்திப் பன்னெண்டு போர்டு வந்துச்சு, கை தானாப் போச்சு. பனியில நாங்க எந்தக் காலத்துலக்கா அந்தக் குடிலைப் பார்த்தோம்? போர்டைப் பார்த்துத்தான் எல்லாரும் அடிப்போம்." அவன் குரல் இறங்கியது. "அது இருக்கட்டும்... கீழேருந்து பதில் வந்துச்சுக்கா. சத்தியமா. அவன் ஹாரன். எனக்குத் தெரியாதா அவன் ஹாரன்? பின்னாடி வந்த மூணு பேரும் வண்டிய நிறுத்திட்டு இறங்கி நிக்கிறாங்க. நீயும் கேட்டியா அந்தச் சத்தத்தை?"

ரொசால்பா கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். வெளியே பனி, எதிரே இருந்த குடிலின் தகரக் கூரையை மெதுவாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"கேட்டேன்" என்றாள். "ரோட்டை மறிக்காம வண்டிய எடுங்கடா. அவனுக்கு அது பிடிக்காது."

போனை வைத்துவிட்டு மறுபடி கம்ப்ரஸரை ஓடவிட்டாள். முள் ஏற ஆரம்பித்தது.