ஆறாம் நம்பர்

தங்கச்சிக்குப் பல்வலி என்று மாப்பிள்ளை போன் செய்தபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன் மச்சான். இன்னிக்கு ரிகர்சல் வேணாமே."

"கச்சேரிக்கு நாள் கிடக்குன்னு நினைச்சீங்களா மாப்பிள்ளை? அந்த மூணாவது பகுதி இன்னும் நொண்டுது."

"வலிக்குதுன்னா என்ன மச்சான் பண்றது?" என்று சொல்லிவிட்டு, நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிட்டார். சண்டை வரும் என்று தெரிந்தால் நழுவிவிடுவதில் அவர் கெட்டிக்காரர். நேரில் என்றால் செல்லோவுக்குச் சுருதி சேர்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வார்.

நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. தங்கச்சி வயலின், அவள் புருஷன் முழங்காலிடையில் நிறுத்தி வாசிக்கிற பெரிய செல்லோ, நான் பியானோ. மாப்பிள்ளை முதலில் குழுவுக்குத்தான் வந்தார். வீட்டுக்கு மாப்பிள்ளையானது பிறகு. ஊர் ஊராகப் பெட்டி தூக்கி, மட்டமான லாட்ஜுகளில் தூங்கி, கட்டைகள் பாதி ஒட்டிக்கொண்ட பியானோக்களோடு மல்லுக்கட்டி, எங்கள் பேர் இப்போதுதான் நாலு பேருக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. எனக்கு வேறு குடும்பம் இல்லை. இந்தக் குழுதான்.

வாசிப்பு இல்லாத நாளில் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். பியானோ நாற்காலியின் உயரத்தை ஏற்றினேன், இறக்கினேன். அப்போது ஆர்க்கெஸ்ட்ரா அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நிரந்தர வேலைக்கு வயலின்காரர்களைத் தேர்வு செய்கிறார்களாம். கூட வாசிக்க வேண்டிய பியானோக்காரருக்குக் காய்ச்சல். உடனே வர முடியுமா? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போல ஓடினேன்.

அங்கே கூடத்தின் நடுவே கனமான கறுப்புத் திரை. வாசிப்பவர் ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாதாம். செருப்புச் சத்தத்தில்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தரையில் கம்பளம் விரித்திருந்தார்கள். வாசிப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, பேருக்குப் பதில் நம்பர்தான். போன தடவை பியானோக்காரர் யாருக்கோ கண்ணைக் காட்டினார் என்று புகாராம். அதனால் பியானோவையும் நடுவர்கள் பக்கமே தள்ளிவிட்டார்கள்.

"ஆளைப் பார்க்காம எப்படிங்க சேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டேன்.

"எப்படியாவது பாருங்க சார்" என்றார் தலைமை நடுவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிற பெரிய மனுஷி.

எப்படியாவது என்றால் எப்படி? கொடுத்திருந்த பாட்டில் வயலினும் பியானோவும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும். முதல் ஆள் முந்திக்கொண்டான். அடுத்த ஆளுக்கு நான் முந்தினேன். அதற்கடுத்து வந்தவர்களோடும் இதே கூத்துதான். வாசலில் இடித்துக்கொண்டு 'நீங்க போங்க, நீங்க போங்க' என்று நிற்பவர்கள் மாதிரி ஆகிவிட்டது. நடுவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

"ஆறாம் நம்பர்" என்று வாசலில் நின்றவர் அறிவித்தார்.

திரைக்குப் பின்னால் ஒரு மூச்சு. மூக்கால் இழுத்த சின்ன மூச்சு, பால் கெட்டுவிட்டதா என்று மோந்து பார்ப்பது போல. என் கைகள் என்னைக் கேட்காமலே இறங்கின. வயலினும் பியானோவும் ஒரே சத்தமாக எழும்பின. தலைமை நடுவர் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார்.

எங்கள் குழுவில் நான் பார்ப்பது தங்கச்சியின் முதுகைத்தான். அந்த மூச்சை நம்பித்தான் இத்தனை வருஷமும் வாசித்திருக்கிறேன். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

பல்வலியாம், பல்வலி!

நிரந்தர வேலை கிடைத்தால் குழு அன்றோடு சரி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என் தலையில் கல்லைப் போடத் திட்டம் போட்டிருக்கிறார்கள். நானும் மடையன் மாதிரி, கல்லைத் தூக்கிக் கொடுக்க வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பாதியில் ஒரு ஏற்றம் வரும். பயம் வந்தால் அவள் அந்த மாதிரி இடங்களில் தாளத்தை மிஞ்சி ஓட ஆரம்பித்துவிடுவாள். குழுவில் நான் இடது கையைக் கொஞ்சம் கனமாக வைத்து அவளைப் பிடித்து நிறுத்துவேன். இப்போதும் ஓடினாள். நான் நிறுத்தவில்லை. கூட வாசிக்க வந்தவன் பின்னால் போக வேண்டியதுதானே? யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வரி அப்படியே ஓட விட்டேன். இன்னொரு வரியும் விட்டேன். அவள் தடுக்கி விழ இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. விழுந்தால், பல்வலி தீர்ந்து நாளைக்கு ரிகர்சலுக்கு வந்துவிடுவாள்.

அப்போதுதான் என் நாக்கு காட்டிக்கொடுத்தது. அவள் ஓடினால் 'ச்' என்று நாக்கைச் சொடுக்குவது என் கெட்ட பழக்கம். அதனால் பாழாய்ப்போன ஒலிப்பதிவுகள் ஏராளம். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ச்!"

நடுவர்கள் திரும்பினார்கள். திரைக்குப் பின்னால் அவள் வில் நடுங்கியது. அண்ணன்தான் என்று தெரிந்துவிட்டது அவளுக்கு. அந்த நடுக்கத்தைக் கேட்ட பிறகு என்னால் தாங்க முடியவில்லை. என் தங்கச்சி என்னைக் கண்டு பயப்படுகிறாள். இடது கையைக் கனமாக ஊன்றினேன். அவள் அதில் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். அங்கிருந்து கடைசி வரை அவள் வாசித்த மாதிரி நான் இதற்கு முன் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"ஆறாம் நம்பரோட மட்டும் எப்படி சார் சேர்ந்து ஆரம்பிச்சீங்க?" என்று தலைமை நடுவர் கேட்டார்.

"மூச்சு நல்லா கேட்டுச்சும்மா" என்றேன்.

மறுநாள் காலை இருவரும் ரிகர்சலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வந்ததும் வராததுமாகச் சுருதி சேர்க்கக் குனிந்துகொண்டார். நான் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

"உட்காருண்ணா" என்றாள்.

"பல் எப்படி இருக்கு?"

"அண்ணா, ப்ளீஸ். நீ 'ச்' கொட்டினதும் கை விட்டுப்போச்சு. நீ என்னைக் கவிழ்த்துடுவியோன்னு நினைச்சேன்."

"கவிழ்க்கத்தான் நினைச்சேன். ரெண்டு வரி விட்டேன்."

"தெரியும்." அவள் கண் கலங்கியது. "ஒரே கட்டில்ல ஒரு மாசம் சேர்ந்தாப்புல தூங்கணும்ணா. எனக்கு முடியல. சொன்னா நீ குதிப்பே."

"குதிச்சிருப்பேன்தான். மாப்பிள்ளை, அப்ப நீங்களும் நானும் என்ன பண்றது?"

மாப்பிள்ளை நிமிரவில்லை. "எனக்கு ஒரு ஸ்கூல்ல சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்காங்க மச்சான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

ஆக, வேறு வழி பார்க்காதவன் நான் ஒருவன்தான். பியானோ நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"நேத்து சாயங்காலம் போன் வந்துச்சுண்ணா" என்றாள். "அடுத்த சுத்துக்குத் தேறிட்டேன். அதுல திரை கிடையாதாம். பியானோவுக்கு ஆளை நாமளே கூட்டிட்டுப் போகணுமாம். ஆனா தலைமை நடுவரம்மா, நேத்து கூட வாசிச்சவரே வந்தா நல்லதுன்னு சொன்னாங்க." வயலின் பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடினாள். "நீ வர மாட்டேன்னா வேற ஆள் பார்த்துக்கிறேன்."

"வேற ஆளுக்கு நீ ஓடுற இடம் தெரியுமா?" என்று எரிந்து விழுந்தேன். "எடு வயலினை."

அவள் எடுத்தாள். நான் கட்டைகளின் மேல் கையை வைத்துக் காத்திருந்தேன். அவள் முதுகு நிமிர்ந்தது. அந்த மூச்சு கேட்டது. நன்றாகவே கேட்டது. என் கை இறங்குவதற்குள் அவள் முதல் சுரம் தனியாகப் போய்விட்டது.

வில்லை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமலே, "ச்" என்றாள்.