அம்மா என்ன வேலை

தெல்தோட்டையிலிருந்து கண்டிவரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் அந்தோனியம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. தோல் கிளினிக் மரவாங்கில் உட்கார்ந்து காத்துக் கிடந்ததில் மிச்ச உயிரும் போனது. உச்சந்தலையில் முடி கொட்டித் தோல் பளபளவென்று தெரிகிறது. அவளுக்கு அது பெரிய கவலையில்லை. பிடிவாதமாகக் கூட்டி வந்தவள் மகள் ஷெரோன், டவுன் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

டாக்டர் சிங்களத்தில் கேட்க, ஷெரோன் பதில் சொன்னாள். அம்மா என்ன வேலை என்றதும் வீட்டில்தான் இருக்கிறார் என்றாள். அந்தோனியம்மாவுக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும். நேற்றுப் பின்னேரம்வரை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவளை மகள் ஒரே சொல்லில் வீட்டுக்குள் உட்கார்த்திவிட்டாள். மனது சுருக்கென்றது. மறுத்துப் பேசத்தான் தெம்பில்லை.

டாக்டர் அவசரப்படவில்லை. காய்ச்சல் கண்டதா, தைரொயிட் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படிக் கொட்டியதா என்று விசாரித்தார். சுற்றியிருந்த முடியைக் கொத்தாகப் பிடித்து மெதுவாக இழுத்தார். கையோடு ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் வைத்த கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். குறுக்கே ஒரு பட்டைபோலத்தான் முடி போயிருக்கிறது, அந்த இடத்தை ஏதாவது அழுத்துகிறதா, தலையில் பாரம் சுமப்பாரா என்று கேட்டார்.

இல்லை என்றாள் ஷெரோன்.

அப்படியானால் தலைத்தோலில் சின்னத் துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் பேனையை எடுத்தார். அதைத் தமிழில் சொல்ல டீச்சரம்மாவுக்கு நாக்குப் புரளவில்லை. ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

"வெட்டட்டும்மா. மரத்துப்போக ஊசி போடுவாங்கதானே," என்றாள் அந்தோனியம்மா. மகள் சொன்னது பொய்யாகிப் போவதைவிடத் தோல் போவது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

ஷெரோனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அம்மா கொழுந்து பறிக்கிறவர், கூடைக் கயிற்றைத் தலையில்தான் மாட்டுவார் என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். வெட்கம் அம்மாவை நினைத்தல்ல, தன்னை நினைத்து.

டாக்டர் கோபிக்கவில்லை. பேனையை மூடினார். இனிக் கயிறு தலையில் படக்கூடாது, மிச்ச முடியையாவது காப்பாற்றலாம் என்றார். போனது திரும்ப முளைப்பது கயிறு மாட்டிய காலத்தைப் பொறுத்தது. எத்தனை வருடமாக மாட்டுகிறார்?

ஷெரோனுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நீ வயித்துல இருந்தப்ப தூக்க ஆரம்பிச்ச கூடை," என்றாள் அந்தோனியம்மா.

ஷெரோன் தன் வயதை டாக்டரிடம் சொன்னாள்.