சிடியிலிருந்து குரலை எடுத்தவன்

பயிற்சி மையத்துக்கு வந்திறங்கிய கம்ப்யூட்டர்களில் ஒன்றில்கூட ஹார்ட் டிஸ்க் இல்லை. கொடுத்த கம்பெனி, தன் சொந்த விவகாரம் எதுவும் வெளியே போய்விடக் கூடாதென்று உள்ளே இருந்ததை உருவி வைத்துக்கொண்டு வெறும் கூட்டைத் தானம் செய்திருந்தது. பென் டிரைவைச் செருகினாலும் அதிலிருந்து எழுந்திருக்கத் தெரியாத கிழட்டு இயந்திரங்கள். சிடி போடும் தட்டு மட்டும் எல்லாவற்றிலும் ஒழுங்காக வெளியே வந்து உள்ளே போனது.

"பழைய இரும்புக் கடைக்குத்தான் போடணும்," என்றார் மையத்தின் செயலாளர்.

"சிடி ஓடுதே சார். அது போதும்," என்றாள் லேப் டீச்சர்.

வாய்ச்சவடாலுக்குச் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க் இல்லாமலே, சிடியைப் போட்டதும் அதிலிருந்தே எழுந்து ஓடுகிற லினக்ஸ் உண்டு. லைவ் சிடி என்பார்கள். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இறக்கியதை அப்படியே போட்டால் அந்த மையத்தில் யாருக்கும் பிரயோஜனமில்லை. அங்கே படிக்க வருகிறவர்கள் எல்லோரும் பார்வை இல்லாதவர்கள். திரையில் இருப்பதை யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். அந்த யாராவது கம்ப்யூட்டராகவே இருக்க வேண்டும், தமிழில் பேச வேண்டும், சிடியைப் போட்ட கையோடு பேச வேண்டும்.

அப்படி ஒரு சிடியைத் தானே கட்டுவதென்று இறங்கினாள். அவள் தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அதன் பின்னறையில் நல்ல இயந்திரம் ஒன்று இருந்தது. மையத்துக்குப் போகுமுன் தினமும் காலையில் அங்கே போய் உட்காருவாள். இறக்கிய லினக்ஸைப் பிரித்துப் போட்டு, அதற்குள்ளேயே நுழைந்து, வேண்டாததைக் களைவாள். விளையாட்டுகள் போயின. வால்பேப்பர்கள் போயின. மையத்தில் யாரும் பேசாத மொழிகளின் உதவிப் பக்கங்கள் போயின. கண்ணாலேயே காணாத பிரிண்டர்களுக்கான கோப்புகள் மூட்டை மூட்டையாகப் போயின. ஒரு சிடியில் எழுநூறு எம்பிதான் கொள்ளும். அதற்குள் திரையை வாசிக்கும் மென்பொருளும் அது பேசுவதற்கான தமிழ்க் குரலும் அடங்கியாக வேண்டும். குரல்தான் இருப்பதிலேயே பெரியது. மற்றதெல்லாம் ஒண்டுக்குடித்தனம், குரலுக்கு மட்டும் நடுக்கூடம். களைந்து முடித்ததும் எல்லாவற்றையும் மறுபடி சுருக்கி, ஒரே கோப்பாகக் கட்டி, சிடியில் எழுதிக்கொண்டு மையத்துக்கு ஓடுவாள்.

போட்டுப் பார்த்தால் ஏதாவது ஒன்று காலை வாரும். சில இயந்திரங்கள் எழும்போதே ஒலியை அடைத்துக்கொண்டு எழுந்தன. அதைத் திறந்துவிட நாலு வரி எழுதிச் சேர்த்தாள். எழுவதற்குமுன், எதைத் துவக்கட்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் திரையில் வந்து நின்றது. பார்வையுள்ளவர் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுப் போவார். மற்றவர், இது தூங்குகிறதா, செத்தே போய்விட்டதா என்று தெரியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் 'பீப்' என்று ஓர் ஒலியை வைத்தாள்.

சோதித்துச் சொல்ல அவளுக்கு வாய்த்தவள் ரேடியோ. தையல் ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவளுக்கு நாற்பதைத் தாண்டியபின் பார்வை போனது. வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர், அதைத் தனக்கு வைத்துக்கொண்டவளும் அவளேதான்.

"டீச்சர், உங்காளு சளி பிடிச்சவன் மாதிரி பேசறான்," என்பாள். அடுத்த சிடிக்கு, "ஏன் இப்படிப் பறக்கறான்? பஸ்ஸைப் பிடிக்கணுமா?" என்பாள். ஒவ்வொரு குறையும் மறுநாள் காலை கடைக்குத் திரும்பும். கடைசியில் ஒருநாள், "இன்னிக்குத்தான் மனுஷனாட்டம் பேசறான்," என்றாள். தன் மகளின் பெயரைத் தட்டச்சு செய்து, அதை அந்தக் குரல் சொல்லச் சொல்லத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது, "இந்த சிடி எனக்கு," என்று கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இதையெல்லாம் தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டான். எது எந்த அடுக்கில் இருக்கிறது, எதை எடுத்தால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதெல்லாம் அவனுக்கும் அத்துப்படி. நல்லவன்தான். பெரிய மனிதர் யாராவது தோளில் கை போட்டுப் பேசினால் உருகிவிடுவான், அது ஒன்றுதான் அவனிடம் கோளாறு.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்ததும் செயலாளர் சொன்னார்: "நகல் எடுக்கற வேலையை என்கிட்ட விட்டுடுங்கம்மா. நீங்க அலைய வேண்டாம்." லேப் டீச்சருக்கும் அது சௌகரியமாகத்தான் பட்டது.

விழாவன்று லேப் நிறைய நாற்காலி. கம்பெனியிலிருந்து மேலாளர் வந்திருந்தார். ரிப்பனை வெட்டினார்கள். படிக்கிறவர்கள் ஆளுக்கொரு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல துணி உடுத்தி, தலை வாரி, விரல்களை விசைப்பலகை மேல் தயாராக வைத்திருந்தார்கள். சிடிகள் முன்பே உள்ளே போடப்பட்டிருந்தன. செயலாளர் மைக்கில், "இப்போ எல்லாரும் பொத்தானை அழுத்தலாம்," என்றார்.

அழுத்தினார்கள். விசிறிகள் சுழன்றன. சிடிகள் உள்ளே உறுமின. பீப் வரவில்லை. சற்று நேரத்தில் திரைகள் ஒளிர்ந்தன. ஒவ்வொரு திரையிலும் செயலாளர் சிரித்தார்.

அவரோடு படம் நிற்கவில்லை. கம்பெனியின் சின்னம் சுற்றிச் சுற்றி வந்தது. செயலாளர் கை கூப்பினார். வாழ்த்து வாசகங்கள் வண்ண எழுத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்தன. அத்தனையும் ஊமைப்படம். பின்வரிசை நாற்காலிகள் கைதட்டின. முன்வரிசையில், இயந்திரங்களின் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க!" என்றார் செயலாளர் மைக்கில்.

"யார்கிட்ட சொல்றீங்க சார்?" என்றாள் ரேடியோ, மைக் இல்லாமலே அறை முழுக்கக் கேட்கும்படி. பிறகு, "டீச்சர், நம்மாளு எங்க? பேசவே மாட்டேங்கறானே," என்றாள்.

லேப் டீச்சர் பக்கத்து இயந்திரத்தின் தட்டைத் திறந்து சிடியை எடுத்தாள். அதன்மேல் வழவழவென்று படம் ஒட்டியிருந்தது. அதிலும் செயலாளர். கீழே பொடி எழுத்தில், வடிவமைப்பு என்று போட்டுத் தம்பியின் கடைப் பெயர்.

தம்பி சுவரோரமாக நின்றிருந்தான். புதுச்சட்டை. இவள் வருவதைப் பார்த்ததும் அவன் முகத்தில் இருந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"குரல் எங்கடா?"

"அக்கா, இங்க வேணாம், அப்புறம்..."

"குரல் எங்கன்னு கேட்டேன்."

"எடம் பத்தலக்கா. அந்த வீடியோ பெருசு. எதை எடுத்தா எடம் கிடைக்கும்னு பாத்தேன், அது ஒண்ணுதான் அவ்வளவு..."

"ஒலியைத் திறக்கற நாலு வரி? அந்த பீப்? அதெல்லாம் எவ்வளவு எடம்டா அடைச்சுது?"

"குரலே இல்ல, அது எதுக்குன்னு... விழாவுக்கு மட்டும்தான், அப்புறம் மாத்திக்கலாம்னு செயலாளர் சொன்னாரு. உன்கிட்ட சொல்லியாச்சுன்னும் சொன்னாரு."

"ஒரே வீட்லதான சாப்பிடறோம்? ராத்திரி என் எதிர்லதான உக்காந்து சாப்பிட்ட? ஒரு வார்த்தை கேக்க வாய் வரலையா? இங்க உக்காந்திருக்கவங்க யாருன்னு தெரியாதாடா உனக்கு?"

செயலாளர் இப்படிச் செய்ததில் அவளுக்குப் பெரிய ஆச்சரியமில்லை. அந்த மனிதர் தன் படத்தைக் குடிநீர்த் தொட்டியின் மேலேயே ஒட்டி வைத்தவர். ஆனால் இவன், எதை எடுத்தால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்தவன், தெரிந்தே கை வைத்திருக்கிறான். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. கையை முறுக்கிக்கொண்டு திரும்பினாள்.

அதற்குள் ரேடியோ தன் கைப்பையைத் துழாவி, தன் சிடியை எடுத்து, தன் எதிரே இருந்த இயந்திரத்தில் போட்டு, அதை மறுபடி துவக்கிவிட்டிருந்தாள். மேடையில் செயலாளர் இருளையும் ஒளியையும் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். பாதி வாக்கியத்தில் 'பீப்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அறையில் இருந்த எல்லாக் குரல்களையும்விடப் பெரிய குரல் ஒன்று எழுந்தது: "வணக்கம். கணினி தயார். எழுத விரும்பினால் எஃப் ஒன்று."

முன்வரிசை முழுவதும் அந்தத் திசைக்குத் திரும்பியது. "ரேடியோ, என் மெஷின்லயும் போடு!" என்றார் ஒருவர். "எனக்கும்!"

"அதை அணைங்கம்மா," என்றார் செயலாளர். "சின்னத் தொழில்நுட்பக் கோளாறு," என்று மேலாளரிடம் சிரித்தார்.

"அவன் பேசி முடிக்கட்டும் சார். நீங்க அப்புறம் பேசலாம்," என்றாள் ரேடியோ.

லேப் டீச்சர் மேடையேறவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். "கோளாறு ஒண்ணும் இல்ல. இந்த சிடில ஒரு குரல் இருந்துச்சு. அதை எடுத்துட்டு இவரு படத்தை வெச்சிருக்காங்க. இங்க படிக்கறவங்க ஒருத்தராலயும் அந்தப் படத்தைப் பாக்க முடியாது. குரலை மட்டும்தான் கேக்க முடியும். அதைத்தான் வெட்டி எடுத்திருக்காங்க. கைதட்டினவங்க இப்போ ஒரு தடவை தட்டுங்க பாப்போம்."

யாரும் தட்டவில்லை. மேலாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர் மைக்கின் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் செயலாளர் அவளை அலுவலகத்துக்கு அழைத்தார்.

"ஊரார் எதிர்ல என் மானத்தை வாங்கிட்டீங்க. ஒரு மன்னிப்பு சொன்னா இதோட விட்டுடறேன்."

"யாருகிட்ட யாரு சொல்லணும் சார்?"

"இப்படியே பேசினீங்கன்னா லேப்பைப் பூட்ட வேண்டியிருக்கும். நீங்களும் நாளைலேருந்து வர வேண்டியிருக்காது."

"பூட்டுங்க. உள்ள என்ன இருக்கு? வெறும் கூடு. மத்ததெல்லாம் ஒரு சிடில அடக்கம்." நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வெளியே ரேடியோவும் இன்னும் சிலரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர், "அப்போ எங்க கதி?" என்றார். அவள் யோசிக்கவேயில்லை. "கிளம்புங்க," என்றாள்.

தம்பியின் கடைக்குள் அவர்கள் கைத்தடிகளைத் தட்டிக்கொண்டு நுழைந்தபோது அவன் யாருடையதோ மானிட்டரைப் பிரித்துப் போட்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ரேடியோவின் சிடியை வாங்கி, பின்னறையில் அதிலிருந்தே நகல் எடுத்தாள். அங்கே அவள் முன்பு கட்டி வைத்திருந்ததை அவன் திருத்தித் திருத்தி ஒன்றுக்கும் ஆகாமல் செய்திருந்தான். நல்லவேளை, அந்தக் கைப்பை இருந்தது. முன்னறையில் ரிப்பேருக்கு வந்திருந்தவற்றில் ஓடக்கூடிய இயந்திரங்களையெல்லாம் சுவரோரமாக வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிடி போட்டாள். அந்த சிடி எந்த இயந்திரத்திலும் எதையும் எழுதாது, எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும், அதனால் யாருடைய உடைமைக்கும் பங்கமில்லை.

"அக்கா, கடைக்கு வர்றவங்க எங்க நிப்பாங்க?"

"வாசல்ல."

பல மாதத்துக்கு அவள் அவனிடம் பேசிய கடைசிச் சொல் அது.

ரேடியோ அவன் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "குரலை எடுத்தது நீதானாப்பா? எங்க, கொஞ்சம் பேசு. உன் குரல் எப்படி இருக்குன்னு கேப்போம்."

"தப்புதாங்க. இப்படி ஆகும்னு நெனக்கல..." என்று இழுத்தான்.

"சுத்தமா உயிரே இல்ல," என்றாள் ரேடியோ. "இதுக்கு அந்த சளி பிடிச்சவனே மேல்."

எல்லா இயந்திரமும் ஒரே சமயத்தில் பேசியதில் கடை சந்தைக்கடையானது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பி ஓடிப்போய் எங்கிருந்தோ ஹெட்போன்கள் வாங்கிவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தான். தினமும் காலையில் பெஞ்சைத் துடைத்து வைத்தான். டீ வாங்கி வைத்தான். அக்காவுக்கு வைத்த டீ ஆறிப்போய் அப்படியே இருக்கும். வீட்டிலும் அப்படித்தான். அவன் சாப்பிட உட்கார்ந்தால் அவள் எழுந்துவிடுவாள்.

"கூடப் பொறந்தவன்டி. எத்தனை நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவ?" என்பாள் அம்மா.

"தெரியாதவன் பண்ணியிருந்தா இந்நேரம் மறந்திருப்பேன்மா," என்பாள்.

சில மாதம் கழித்து மையத்தில் லேப்பைத் திறந்தார்கள். கம்பெனி மேலாளர் நடுவில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போனாராம். புது டீச்சர் ஒருத்தியைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி சிடி கேட்டு வந்தாள். லேப் டீச்சர் கேட்டதற்கு மேலேயே எழுதிக் கொடுத்தாள். கோபம் சிடியின் மேலா? மையத்துக்குத் திரும்பி வரச் சொல்லி அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போகிற எண்ணம் அவளுக்கு இல்லை. கடையின் முன்னறை அதற்குள் வகுப்பறையாகவே ஆகிவிட்டிருந்தது.

ஒருநாள் யாரோ கொடுத்த புது மாடல் இயந்திரம் ஒன்றில் சிடி எழுந்தது, ஒலி மட்டும் வரவில்லை. தம்பி அந்த நாலு வரியோடு வெகுநேரம் மல்லுக்கட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் வந்து நின்ற அவள், கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "தள்ளு," என்றாள். அவன் துள்ளி எழுந்து நாற்காலியை விட்டான். அவள் உட்கார்ந்து ஒரு வரியை மாற்றினாள். குரல் வந்தது.

அன்றைக்கு அம்மாவிடம் ஓடிப்போய், அக்கா பேசிட்டா என்று சொன்னானாம். அம்மாவும் அதையே ஆசையாக வந்து கேட்டாள்.

"பேச்செல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றாள் அவள். "நாற்காலியைக் காலி பண்ணச் சொன்னேன்."