சீட்டி அடிக்கிற பல்லு

1

இந்தக் கதையை எனக்குத் தந்தது என் கூட்டாளி மரியஜானின் முன்பல்லு. பல்லு அவனுக்கு, கதை எனக்கு. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இல்லையென்றால் பிறகு பங்கு கேட்டு வருவான்.

தொடக்கம் இப்படி எழுதிப் பார்த்தேன்:

மரியஜான் கடலைப் பார்த்தபடி நின்றான். கடலும் அவன் மனதைப் போல—

நிறுத்திவிட்டேன். கடற்கரையில் பிறந்தவன் எவனும் சும்மா கடலைப் பார்த்து நிற்கமாட்டான். மீன் கிடக்கிறதா என்று பார்ப்பான், இல்லையென்றால் ஒன்றுக்கு இருப்பான். வெளியூர்க்காரன் எழுதுகிற கதையில்தான் அப்படி நிற்பார்கள்.

இன்னொரு தொடக்கம். இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

மரியஜானின் சீட்டி நின்றுபோனது.

2

மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். மரியஜான் கிழிந்த வலை தைக்கிறவன். முடிச்சுப் போட்டதும் நைலான் நூலை முன்பல்லால் கடித்து அறுப்பான். கத்தி பக்கத்திலேயே கிடக்கும், எடுக்கமாட்டான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தக் கடி. பல்லின் நுனியில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது. நூல் போய் சரியாக அதில் உட்காரும். அதே வெட்டு வழியாக அவன் அடிக்கிற சீட்டி இந்தக் கரையில் வேறு எவனுக்கும் வராது.

வேலை முடிந்து வரும்போது, சிலுவை நட்ட குருசடி வளைவில் நின்று ஒரு சீட்டி அடிப்பான். வீட்டில் அவன் மனைவி வியாகுலம்மாள் மீன் பொரிக்கிற சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். அவன் கைகால் கழுவி உட்காரவும், மீன் எண்ணெயோடு தட்டில் விழவும் சரியாக இருக்கும். ஒருமுறை மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழாக் கூட்டத்தில், வளையல் கடைகளுக்கு நடுவே அவள் தொலைந்துபோனாள். அன்றைக்கும் இந்தச் சீட்டிதான் கண்டுபிடித்துக் கொடுத்தது. (அவள் சொல்வது வேறு. தொலைந்தது அவன்தானாம்.)

2013 மழைக்காலத்துக்கு முன்னால் அந்த வெட்டு உள்ளே இறங்கிவிட்டது. தண்ணீர் பட்டால் சுர்ர். காற்று பட்டால் அதைவிடச் சுர்ர். குருசடியில் நின்று உதட்டைக் குவித்தான், உச்சி மண்டை வரைக்கும் கரண்டு ஏறி இறங்கியது. அன்றைக்கு ஆறின மீன் தின்றான்.

மறுநாள், மகன் ஜெனோ மஸ்கட்டிலிருந்து கொடுத்துவிட்ட ஃபோனை எடுத்துக் குருசடியில் நின்று மிஸ்டு கால் கொடுத்தான். வீட்டுக்கு வந்தால் அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது.

“ஃபோன் அடிச்சது கேக்கல்லியா?”

“கேட்டுது. ஆரோ கம்பெனிக்காரன் பாட்டு வைக்கணுமான்னு கேக்கான்னு விட்டுட்டேன்.”

“எனக்க பேரு வந்திருக்குமே அதில?”

“ஓமக்க பேரக் கண்டா அடுப்பு பத்தவைக்கணும்னு ஆரு சொன்னா? சீட்டி அடியும், சட்டி வைக்கேன். இல்லன்னா ஆறினதத் தின்னும் ஓய்.”

இவள் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதீர்கள். அவளுக்கும் அந்தச் சீட்டி வேண்டும். கேட்கத் தெரியாது, அவ்வளவுதான்.

3

டவுனில் ஒரு டாக்டர் பல்லைப் பிடுங்கலாம் என்றார். இன்னொருவர் வெட்டை மூடி உறை போடலாம் என்றார். பிடுங்கினாலும் சீட்டி போகும், மூடினாலும் போகும். மூன்றாவதாகப் போனது ஜங்ஷனில் புதிதாக வந்த ஷைஜா டாக்டரிடம்.

முதல் படியில் இந்த ஷைஜாவை நான் கள்ளியாக எழுதியிருந்தேன். பல்லு டாக்டர் பிடுங்கமாட்டேன் என்றால் எவன் நம்புவான்? நான் நம்பவில்லை. ‘அந்தச் சிரித்த முகத்துக்குப் பின்னால் ஒரு திட்டம்—’ என்று எழுதிக்கொண்டிருக்கும்போது மரியஜான் வந்து தாளை வாங்கிப் படித்தான்.

“லே, அந்தப் பிள்ளைய எதுக்குக் கெடுக்க?”

“கதையின்னா ஒரு கள்ளன் வேணும்.”

“அதுக்குத்தான் நீ இருக்கியே.”

ஆகையால் நடந்ததையே எழுதுகிறேன். களவு பிடிக்கத்தான் நானும் அவன் கூடப் போயிருந்தேன்.

ஷைஜா ஒரு வளைந்த கம்பியால் பல்லைத் தொட்டாள். கம்பி நுனி பதிந்து, ஒட்டிக்கொண்டு வந்தது.

“மாமா, மேல உள்ள ஓடு தேஞ்சு போச்சு. அது இனி வளராது. உள்ள மஞ்சளா இருக்கே, டென்டின், அது இளகிக் கிடக்கு. அதில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிறைய உண்டு. அது வழியாத்தான் காத்து உள்ள ஏறுது.”

“வலைக் கண்ணி போல?”

“அதே போல. மருந்து வச்சா கண்ணி அடையும். போன சத்து கொஞ்சம் கொஞ்சமாத் திரும்ப ஏறிப் பல்லு இறுகும்.”

“அந்த வெட்டு?”

“வெட்டு அப்படியேதான் இருக்கும். வேணும்னா சிமெண்டு வச்சு—”

“வேண்டாம் மக்களே!” மரியஜான் நாற்காலியிலிருந்து எழும்பியே விட்டான்.

ஏன் என்று கேட்டாள். சீட்டி, குருசடி, மீன், வியாகுலம்மாள் எல்லாம் சொன்னான். முகமூடி போட்டிருந்தாள். காதில் மாட்டிய நாடா அசைந்ததில்தான் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

மஞ்சளாக ஒரு பசை பூசினாள். ஒரு டியூப்பும் கொடுத்தாள். பாலிலிருந்து எடுத்த சத்தும் கால்சியமும் கலந்ததாம். படுக்கும்போது பூசிக் கொப்பளிக்காமல் விட வேண்டும். நூல் கடிக்கக் கூடாது. உப்பு தொட்ட மாங்காய் ஆகவே ஆகாது. “பழைய பல்லா ஆக்கித் தாரேன்னு நான் சொல்லல்ல மாமா. இறுகும். எவ்வளவுன்னு பாப்போம்.”

(முடியாததை முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்கிறவர்களிடம் எனக்குச் சந்தேகம் கொஞ்சம் குறையும். முழுசாகக் குறையாது.)

4

இந்த இடத்தில் கதைக்கு ஒரு இடி வேண்டும். அவசரத்தில் மரியஜான் மறந்துபோய் நூலைக் கடித்தான் என்று எழுதி அவனுக்கே வாசித்துக் காட்டினேன்.

“நான் கடிக்கல்ல” என்றான். இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த கத்திரிக்கோலைத் தூக்கிக் காட்டினான்.

“கதைக்கு வேணும்லே.”

“கதைக்கு வேணும்னா உனக்க பல்லால கடி.”

ஆனால் இடி இல்லாமலும் இல்லை. அவன் சொல்ல விரும்பாததை வியாகுலம்மாள் சொன்னாள். கால்சியம் என்ற சொல் இவன் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கால்சியத்துக்கு எதுக்குக் குட்டி டியூப்? கரையில் கணவாய் ஓடு* சும்மா கிடக்கிறதே? பொறுக்கிக்கொண்டு வந்து, பொடித்து, விரலில் தொட்டுப் பல்லைத் தேய் தேய் என்று தேய்த்தான். தேய்த்த வாயில் தண்ணீர் ஊற்றினான். அந்த அலறலுக்கு அடுத்த வீட்டு நேசம்மாள் ஜெபமாலையோடு ஓடி வந்தாள்.

* கணவாய் மீனுக்குள் இருக்கும் வெள்ளை ஓடு. வீட்டில் கிளி வளர்க்கிறவர்கள் கூண்டில் கட்டித் தொங்கவிடுவார்கள்.

ஷைஜாவுக்கு வந்த கோபத்தில் முகமூடியைக் கழற்றிவிட்டாள். “மாமா, அது அரம். நூல் அறுத்தது போதாதுன்னு நீங்க அரம் வச்சு ராவினீங்களா?”

“கிளி கொத்துதே மக்களே.”

“கிளிக்குப் பல்லு உண்டா?”

மரியஜான் வாயைத் திறக்கவில்லை. அவள் திறக்கச் சொன்ன பிறகுதான் திறந்தான். பசையை மறுபடி முதலிலிருந்து பூசினாள்.

5

கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் வீடுகளில் தொங்க ஆரம்பித்த சமயத்தில் கடைசியாகப் போனோம். ஷைஜா அதே கம்பியால் வெட்டுக்குள் தொட்டாள். இந்தத் தடவை கம்பி ஒட்டவில்லை. டக் என்றது. மறுபடி தட்டினாள். டக். பீங்கான் தட்டில் நகம் பட்ட மாதிரி ஒரு சத்தம். நான் எட்டி நின்றும் கேட்டேன். என் காதை நான் நம்புகிறேன்.

“அடிச்சுப் பாருங்க மாமா” என்றாள்.

மரியஜான் தலையை ஆட்டினான். “இஞ்ச வச்சா? முதல் சீட்டி இஞ்ச இல்ல மக்களே.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஜன்னல் காற்று படாதபடி உதட்டைப் பூட்டி வைத்திருந்தான். பயந்தானா, சேர்த்து வைத்தானா, எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

குருசடிக்கு முன்னால் நின்று என் நெஞ்சில் கைவைத்துத் தடுத்தான்.

“நீ இதோட நில்லு.”

“முடிவு வேண்டாமாலே? கதை எழுதுகேன்.”

“கதை இதுவரைக்கும். இனிமே உள்ளது எனக்க வீட்டுக் காரியம்.”

வளைவில் திரும்பி மறைந்துவிட்டான். அந்தச் சமயம் பார்த்துக் கடல்காற்று என் முதுகிலிருந்து அவன் பக்கமாக அடித்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் என் காதுக்கு வரவில்லை.

இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் சீட்டி கணீரென்று வருகிறது. மற்றதில் உதட்டைக் குவித்தபடியே நிற்கிறான், அவள் வாசலுக்கு வந்து அவன் நிற்கிற நிற்பைப் பார்த்தே சட்டியை ஏற்றுகிறாள். இரண்டையும் வாசித்துக் காட்டினேன். இரண்டுக்கும் சிரித்தான். எது நடந்தது என்று சொல்லவில்லை. வியாகுலம்மாளிடம் கேட்டதற்கு, “போரும் அண்ணே” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காற்று கொஞ்சம் தணிந்தபோது, குருசடிக்கு இப்புறம் நின்ற என் மூக்குக்கு எண்ணெய் காய்கிற மணம் வந்தது. அது யார் வீட்டுச் சட்டி? அந்தத் தெருவில் அந்த நேரத்துக்கு எல்லா வீட்டிலும் மீன் பொரிப்பார்கள். மூக்கை மட்டும் நம்பி நான் ஒன்றும் எழுதமாட்டேன். நீங்கள் வேண்டுமானால் வளைவைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். எனக்குப் பசிக்கிறது, வீட்டுக்குப் போகிறேன்.