ஜீப்பு நோட்டும் மாமாவின் வாழ்த்து மடலும்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. காலை மடக்கிக்கொண்டால் எல்லாருக்கும் இடம் பற்றும். பெரிய மனுஷன் ஒருத்தர் மைக்கைப் பிடித்து மானத்தை விட்ட கதை சொல்கிறேன்.

போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள் மகாராணி. பதினாறு வயது. பள்ளியில் மலையாளமும் இங்கிலீசும். தமிழ் வீட்டில் பேசுவதற்கு மட்டும். அது பேச்சோடு நின்றுவிடக் கூடாதென்று அவளும், போடியில் இங்கிலீசுப் பள்ளியில் படிக்கும் அவள் தோழி ஷம்னாவும் ஒரு நோட்டு போட்டார்கள். ஒரே கதையை ஆளுக்கு இரண்டு பக்கமாக எழுதுவது. மற்றவள் பிழையைச் சிவப்பு மையில் சுழிப்பது. தோட்டத்துக்கு ஆளேற்றும் சின்ராசுவின் ஜீப்பில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சொருகிய நோட்டு திங்கட்கிழமை மேலே போகும், வியாழக்கிழமை கீழே வரும். இப்படி ஏழு நோட்டு நிரம்பிவிட்டது.

அக்கா முத்துப்பிரியாவுக்குப் போடியில் கல்யாணம் கூடியது. மேடையில் வாசிக்கும் வாழ்த்து மடலைத் தானே எழுத வேண்டும் என்பதுதான் மகாராணியின் ஆசை. நோட்டில் நாலு தடவை அடித்துத் திருத்தி எழுதி, தாய்மாமன் ராம்பிரசாத்திடம் கொண்டுபோனாள். மடல் அச்சடிப்பது அவர் பொறுப்பு.

மாமா நோட்டைக் கையில்கூட வாங்கவில்லை. வண்டிச் சாவியால் காதைக் குடைந்துகொண்டே, "மலையாளப் பள்ளிக்கூடத்துல படிக்கிற கழுதைக்குத் தமிழ் எங்கிட்டு வரும்? போயி பூக்கட்டுற சோலியப் பாரு" என்றார்.

மகாராணிக்கு அழுகை வரவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் தமிழ் வாழ்க என்று கத்துகிற அந்தத் தொண்டை, அவளுக்குத் தெரிந்து ஒரு பக்கம் தமிழ் வாசித்ததில்லை. அவர் வீட்டில் தமிழ்ப் பேப்பரை விரிப்பது வடையின் எண்ணெயை ஒற்றத்தான்.

அச்சகத்துக்குப் போன மாமா பழைய மாதிரிகளைப் புரட்டினார். எது நீளம், எதில் தங்கப்பூ ஓரம் என்று மட்டும் பார்த்து ஒன்றைத் தொட்டார்.

"இதுல பேர மட்டும் மாத்து. வெரசா."

"அண்ணே, ஒருக்கா வாசிச்சுப் பாத்துருங்க" என்றார் அச்சகக்காரர்.

"எனக்கே சொல்லித் தர்றியா?"

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் மாமா மைக்கைப் பிடித்தார். "முப்பத்தாறு ஆண்டுகள் அயராது உழைத்து, மாணவர் போற்ற இன்று ஓய்வு பெறும் மணமகன் இனியவன் அவர்களே..."

பந்திக்கு எழுந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "மாப்ளே, பென்சன் எப்ப வருது?" என்று ஒரு குரல். மாமாவோ எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் எழுத்துக் கூட்டி அடுத்த வரிக்கும் போனார். "இனியேனும் தாங்கள் வீட்டில் அமைதியாக ஓய்வெடுக்க..." மண்டபமே குலுங்கிச் சிரித்தது.

வேர்த்து விறுவிறுத்து மகாராணியிடம் வந்தார். "ஆத்தா, அந்த நோட்டக் கொண்டா. என் மானத்தக் காப்பாத்து."

தரம் பிரிக்கிறவர்கள் சொத்தை ஏலக்காயைப் பார்க்கிற பார்வை பார்த்தாள் அவள். "எனிக்கு தமிழ் அறியில்லல்லோ, மாமா" என்றாள், மலையாளத்தில். அவளுக்குத் தமிழ் தெரியாதாம்.

மேடையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "அவருக்கு வேணாம்டி. எனக்கு வாசி."

மகாராணி நோட்டோடு மேடை ஏறினாள். மாமா நீட்டிய மைக்கை அவள் வாங்கவில்லை. "பனி இறங்குற காலைல உன் ஸ்வெட்டர எனக்குப் போட்டுவிட்டுட்டு, நீ நடுங்கிக்கிட்டே காய் பறிக்கப் போன, அக்கா" என்று தொடங்கினாள். முன்வரிசைக்குத்தான் கேட்டது. பின்வரிசைக்காரர்கள் சேரைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். மாமா மைக்கோடு ஓரமாக நின்றார்; அவரை உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டு அலமாரியில் பிள்ளைகள் எழுதி நிரப்பிய நோட்டுகள் பெருகட்டும். அடுப்பில் உலை கொதிக்கட்டும். இப்படி ஒரு மாமா உங்கள் வாசற்படி மிதிக்காமல் இருக்கட்டும். எல்லாரும் நல்லா இருங்கள்.