இறுக்கித் தைத்த பெயர்

பேரரசர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்த நாளிலிருந்து அந்தத் தையல் பட்டறையில் யாருக்கும் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. பேரரசர் மேல் அவ்வளவு பாசமா என்றால், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அவரை அங்கே ஒருவரும் கண்ணால் கண்டதுகூடக் கிடையாது. பிரச்சினையே மேசைமேல் கிடந்த அங்கியால் வந்தது.

எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒரு சிற்றரசனுக்குப் பேரரசு அனுப்பும் மரியாதை அங்கி அது. கரும்பச்சைப் பட்டு, ஏழு மாத வேலை. வலது கையில், தோளுக்குக் கீழே, மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வரும். ஆளுகிற பேரரசரின் பெயரை அதில் பொன்னிழையால் தைக்க வேண்டும். அங்கியைப் போட்டுக்கொள்கிறவன் அந்தப் பெயருக்கு அடங்கினவன் என்று அர்த்தம். பெயரே இல்லாமல் அங்கி போனால் ராஜத்துரோகம். வேறு பெயரோடு போனால் அதைவிடப் பெரிய துரோகம். தைத்தவளுக்கு மணிக்கட்டோடு கை போகும், அங்கியில் பொருத்தியவனுக்குத் தலை போகும்.

தைக்கிறவளை எல்லோரும் பட்டைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பொருத்துகிற தையல்காரன் அவளுடைய புருஷன். எது தப்பினாலும் ஒரே வீட்டில் ஒரு கையும் ஒரு தலையும் போகும், வெளியே தேட வேண்டியதில்லை.

இறந்தவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவரும் இளையவரும் அரியணைக்காகப் படை திரட்டிக்கொண்டு நின்றார்கள். யார் ஜெயிப்பார் என்று ஜோசியனுக்கே தெரியாது. ஆனால் அங்கியை வாங்கிப்போகப் பேரரசின் தூதர் மாதக் கடைசியில் வந்துவிடுவார். ஒரு பெயரைத் தைத்து முடிக்கப் பதினெட்டு நாள் பிடிக்கும். முடிவு தெரியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

ஆளுநர் மாளிகையில் எழுத்தராக இருந்த கொழுந்தன்தான் வழி சொன்னான்.

“அண்ணி, ரெண்டு பட்டை தைச்சு வைங்க. மூத்தவர் பேர்ல ஒண்ணு, இளையவர் பேர்ல ஒண்ணு. ஜெயிச்சவர் பட்டையைப் பொருத்திட்டு மத்ததைப் பிரிச்சிடுங்க. ஆனா ரெண்டு இருக்குன்னு வெளியில தெரிஞ்சுது, நாம மூணு பேரும் தொங்க வேண்டியதுதான்.”

அவனே இரண்டு பெயரையும் தாளில் எழுதி, எழுத்தின் வழியே ஊசியால் துளை போட்டுத் தந்தான். தாளைப் பட்டின்மேல் வைத்துச் சுண்ணப்பொடியைத் தட்டினால் பெயர் புள்ளிபுள்ளியாக இறங்கும். அந்தப் புள்ளிகளின் மேல் பட்டைக்காரி சங்கிலித் தையல் போட்டுக்கொண்டே போவாள். முப்பது வருஷமாகப் பேரரசர் பெயரைத் தைக்கிறவளுக்கு ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. புருஷனும் அப்படித்தான். அவர்கள் கண்ணுக்கு எல்லாப் பெயரும் பின்னிக்கிடக்கும் கொடிதான்.

நேரம் போதாததால் தூக்கத்தை விட்டு, விடியுமுன்னே எழுந்து மதியம்வரை ஒரு பட்டை, மதியத்திலிருந்து நடுராத்திரிவரை இன்னொன்று என்று மாற்றி மாற்றித் தைத்தாள். குழம்பிவிடாமல் இருக்க மூத்தவர் பட்டையின் ஓரத்தில் சிவப்பு நூலும் இளையவர் பட்டையில் கறுப்பு நூலும் கட்டிவைத்தாள். தாள்களை அடுப்பில் போட்டார்கள்.

தூதர் வர வேண்டிய நாள் காலையில் கோட்டை வாசலில் முரசு அடித்தார்கள். இளையவர் ஜெயித்துவிட்டார்.

“கறுப்பு நூல் பட்டையைக் கொடு, சீக்கிரம்” என்று புருஷன் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு கையை நீட்டினான்.

பட்டைக்காரி துணிப்பெட்டியைத் திறந்தாள். இரண்டு பட்டையும் ஓரத்தில் நூல் எதுவும் தொங்காமல் கிடந்தன. சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை.

வேறு யாரும் எடுக்கவில்லை. விடிந்ததும் பட்டைகளுக்கு ஈரம் தெளித்துத் தேய்த்துவைத்தவள் அவள்தான். தேய்ப்பதற்கு முன்னால் தொங்குகிற நூலையெல்லாம் பிடுங்கிவிடுவது அவளுடைய முப்பது வருஷப் பழக்கம். பட்டைக்காரி வேலையில் ஒரு பிசிறு காட்டு பார்க்கலாம் என்று ஊரே பேசும். அந்தப் பெருமைதான் இப்போது அவள் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

“நூலைப் பிடுங்கிட்டேங்க” என்றாள்.

புருஷன் ஊசியைத் துணியில் குத்திவைத்தான். “தம்பிகிட்ட ஓடிட்டு வரேன்.”

“அவரை மாளிகைக்குள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க. பட்டாபிஷேக ஓலையெல்லாம் எழுதி முடிக்கிறவரைக்கும் விடமாட்டாங்களாம்.”

“வேற யார்கிட்டயாவது காட்டுவோமா?”

“ரெண்டையும் கையில வச்சுக்கிட்டா? ஒண்ணை மட்டும் காட்டி, அது மூத்தவர் பேரா இருந்துட்டா?”

அவன் வாசல் வழியே எட்டிப் பார்த்தான். எதிர்க் கடையில் தோல்காரர் நன்றாக வாசிப்பார். அதைவிட நன்றாகக் கோள் சொல்வார்.

பட்டைக்காரி இரண்டையும் மடியில் போட்டு விரலால் தடவினாள். ஒன்றில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. மற்றதில் தடுக்கியது. பட்டு லேசாகச் சுருங்கியிருந்தது. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பொன்னிழை துணிக்குள் புதைகிற அளவுக்கு இறுகிக் கிடந்தது.

அவர்களுடைய ஒரே மகன் மூத்தவரின் முகாமில் கூடாரம் தைத்துக்கொண்டிருந்தான். மூத்தவர் பெயரைத் தைத்தபோதெல்லாம் அவனைத்தான் நினைத்தாள். சாப்பிட்டானா, விரலில் குத்திக்கொண்டானா என்று. கை தானாக இளகியது. இளையவர் பெயரைத் தைத்தபோது, என் பிள்ளைமேல் படை கட்டிக்கொண்டு போகிறாயே, நாசமாய்ப் போ என்று மனசுக்குள் திட்டித்தீர்த்துக்கொண்டு இழுத்திருக்கிறாள்.

“இதுதாங்க” என்று சுருங்கிய பட்டையை நீட்டினாள்.

“நிச்சயமா?”

“நிச்சயம்னு எப்படிச் சொல்ல? என் கை இதுதான்னு சொல்லுது.”

“பயத்துலகூடக் கை இறுகும், இல்லையா?”

அவள் பட்டையை அவன் கையில் திணித்தாள். பதினெட்டு நாளும் பயந்துகொண்டுதான் இருந்தாள்.

புருஷன் தைத்து முடித்து நூலை அறுப்பதற்கும் தூதர் வாசலில் குதிரையை விட்டு இறங்குவதற்கும் சரியாக இருந்தது. மற்றொரு பட்டை அவள் இடுப்பில், ஆடைக்குள் சொருகியிருந்தது. அது வெளியே தெரிகிறதோ என்று நொடிக்கொரு தரம் முழங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தூதர் அங்கியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வலது கையைத் தூக்கிப் பிடித்து, எழுத்து எழுத்தாக விரலை வைத்துக்கொண்டு போனார். பாதியில் விரல் நின்றது.

“பட்டு சுருங்கியிருக்கே.”

தூதர் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம். கடைசி எழுத்துவரை விரல் போனது.

“யார் தைச்சது?”

“நான்தாங்க ஐயா.”

“முரசு இன்னைக்குத்தான் அடிச்சுது. நீ முன்னாடியே இவர் பேரைத் தைச்சு வச்சிருக்கே. அதுவும் எவ்வளவு இறுக்கி! மனசுல பக்தி இருந்தாத்தான் கை இப்படி வரும். ஆளுநர்கிட்டச் சொல்றேன்.”

உயிர் வந்தது அவளுக்கு. புருஷன் அங்கியை மடித்துப் பேழையில் வைக்கத் தொடங்கினான். அது முடியும்வரை சும்மா நிற்பானேன் என்று தூதர் சண்டைக் கதையைச் சொன்னார்.

“மூத்தவர் முகாமை நாலு பக்கமும் வளைச்சுக் கொளுத்திட்டாங்க. ஒரு கூடாரம் மிஞ்சல. படைக்காரன், சமையல்காரன், கூடாரத்துக்காரன், ஒருத்தன் வெளிய வரல. நல்ல செய்திதானே?”

பேழைக்குள் புருஷனின் கை அப்படியே நின்றுவிட்டது. தூதர் பதிலுக்குக் காத்திருந்தார்.

“நல்ல செய்திங்க ஐயா” என்றாள் பட்டைக்காரி.

குதிரைச் சத்தம் தெருக்கோடியில் தேய்கிறவரை இருவரும் கும்பிட்ட கையோடு வாசலிலேயே நின்றார்கள். பிறகு புருஷன் கதவைச் சாத்திவிட்டு, அதில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

அவள் இடுப்பிலிருந்த பட்டையை எடுத்து மடியில் விரித்தாள். வீட்டில் வைத்திருக்க முடியாது, பிரித்தாக வேண்டும். கடைசி முடிச்சை அறுத்து இழையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளையை நினைத்து நினைத்து இளக்கமாகப் போட்ட தையல். பதினெட்டு நாள் வேலை, எங்கேயும் சிக்காமல், ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது.