மங்கலான பக்கம்

என் மருமகள் ஜானவி சாயத்தில் ஊறிய சூரிய மின்கலம் செய்கிறாள். நாளை காலை ஆய்வுக் குழுவின் முன் ஒன்றாவது ஓடாவிட்டால் அவளுடைய பிஎச்டி இன்னொரு வருஷம் இழுக்கும். இது தெரிந்தும் நான் அவள் லேபைச் சுத்தம் செய்தேன்.

கரமனை வீட்டிலிருந்து அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனவன், கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். மேஜையில் பன்னிரண்டு சின்னக் கண்ணாடித் தகடுகள். மேற்பக்கம் மங்கலாக இருந்தது. துடைத்தேன், போகவில்லை. பளபளப்பான பக்கம் மேலே வரும்படி எல்லாவற்றையும் திருப்பி வைத்தேன்.

ஜானவி வந்தாள். டைட்டானியம் ஆக்சைடு பசையை அவற்றில் பூசி உலைக்குள் வைத்தாள். அந்தத் துகள்கள் அவ்வளவு பொடி. குண்டூசித் தலையில் திருவனந்தபுரத்து ஜனத்தொகையையே உட்கார வைக்கலாம்!

அவளோடு வேலை செய்யும் ஆன்சன் எனக்கு விளக்கினான். “அங்கிள், இந்தக் கிளாஸ்ல ஒரு சைடு மாத்ரம்தான் கரண்ட் போகும். கொஞ்சம் மங்கலா இருக்குமல்லோ, அந்த சைடு. பசையை மாத்திப் பூசினா, தீர்ந்து!”

உலை நானூற்றைம்பது டிகிரியில் இருந்தது. நான் அதற்கு ஐந்து டிகிரி மேலே. நெஞ்சு அடித்த அடியில் பீக்கர்கள் எல்லாம் கிணுகிணுத்தன.

“ஜானவி, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வெச்சேன்.”

“கொஞ்சம்னா?”

“பன்னிரண்டு.”

அவள் முகம் வெளுத்தது. “நேத்தே மீட்டர் வெச்சுப் பாத்து அடுக்கினதுன்னு இன்னிக்கு நான் பாக்கல்லை. இப்பத் திறந்தா கண்ணாடி விண்டு போகும். ஆறட்டும்.”

இரண்டு மணி நேரம் உலை ஆறுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

உலை ஆறியதும், கரண்ட் போனால் கத்தும் மீட்டரைத் தகட்டின் ஓரத்தில் வைத்தாள். சத்தமில்லை. தகட்டைத் திருப்பிப்போட்டு வைத்தாள். கத்தியது.

“கண்ணாடிக்கு ஒண்ணுமில்லை. பசைதான் போச்சு. மிச்சப் பசை மூணு தகட்டுக்கு வரும். சாயத்துல ராத்திரி முழுக்க ஊறணும். நாலு மணிக்குள்ள உலைக்குப் போகணும். இந்தாங்கோ பிளேடு, பழைய பூச்சைச் சுரண்டுங்கோ. அந்த மங்கலான பக்கத்துல கீறல் விழுந்தா...”

“மெல்ல அங்கிள், மெல்ல,” என்றான் ஆன்சன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினேன். மூன்று தகட்டுக்கு மூன்று ஜென்மம் ஆயிற்று. ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்தாள். மூன்றும் கத்தின.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் உலைக்கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, கையை மடியில வெச்சுண்டு அந்த ஸ்டூல்ல இருங்கோ. எதையும் தொடப்படாது.”

மூக்கு அரித்தது. தொடவில்லை.